வெட்டுமுன் ஓர் ஒட்டுக்குச்சி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலைப் பணிகளுக்காக வெட்டப்படும் ஒவ்வொரு மரத்துக்கும் ஈடாகப் பத்து மரக்கன்றுகள் நடப்படும் என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் அண்மையில் படித்தேன். சாலையோரத்துப் புளிக்கும் வாகைக்கும் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம். அதுவும் நட்ட கன்றுகள் அடுத்த கோடையைத் தாண்டினால்தான். வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஏன் செல்லாது என்பதையும், அந்த மரங்களுக்கு அதிகச் செலவில்லாத ஒரு சிறு ஏற்பாடே போதும் என்பதையும் எடுத்துச்சொல்ல இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாகிவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

நான் காவிரிக் கடைமடைக் கிராமங்களில் 35 ஆண்டுகள் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன். அஞ்சல் குறியீட்டு எண் 1972-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கதவெண்ணும் எல்லா வீட்டுக்கும் உண்டு. ஆனாலும் எங்கள் பக்கத்துக் கடிதங்களில் பாதிக்குமேல் "வேப்பமரத்து வீடு", "ரெட்டைத் தென்னை வீடு", "புளியமரத்துக்கு மேற்கே மூன்றாவது வீடு" என்றுதான் முகவரி எழுதியிருக்கும். ஊராட்சியில் புது வரிப்புத்தகம் போடும்போதெல்லாம் கதவெண் மாறிவிடும். சிங்கப்பூரில் இருபது வருடமாக இருப்பவருக்கு அந்த மாற்றம் தெரியாது. அவர் எழுதும் எண் வேறு ஒருவர் வீட்டில் ஒட்டியிருக்கும், ஆனால் அவர் எழுதும் வேப்பமரம் அதே இடத்தில் நிற்கும். அந்த மரத்தை நம்பித்தான் மணியார்டர்களைச் சேர்த்திருக்கிறேன்.

1980-இல் நான் பணியில் சேர்ந்த முதல் வாரத்தில், இப்படி ஒரு வேப்பமரத்து வீட்டைத் தேடித் தெருவை இரண்டு முறை சுற்றி வந்தேன். தெருவில் வேம்பே இல்லை. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா என்னை வேடிக்கை பார்த்துவிட்டு, "மரம் புயல்ல போயிடுச்சு தம்பி, வீடு அதுதான்" என்று ஓட்டு வீடு ஒன்றைக் காட்டினார். 1977 நவம்பர் 12-ஆம் தேதி நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலில் அந்த மரம் விழுந்திருந்தது. நான் ஓய்வு பெற்ற நாளிலும் அது வேப்பமரத்து வீடுதான். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எங்களுக்குப் பக்கத்தில் உள்ள சிதம்பரத்துக்கே தில்லை என்று பெயர்; தில்லை மரத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பிச்சாவரத்து உப்பங்கழிக்குத்தான் போக வேண்டும்.

இனி எங்கள் வீட்டு மரத்துக்கு வருகிறேன். 1961-ஆம் ஆண்டு வைகாசியில் எங்கள் அத்தையின் திருமணம் வீட்டிலேயே நடந்தது. பந்தியில் இலைக்கொரு மாம்பழம் வைத்தார்கள். எச்சில் இலைகளைக் கொல்லை எருக்குழியில் போட்டார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தக் குழியின் ஓரத்தில் செம்பு நிறத்தில் துளிர் விட்டு ஒரு மாங்கன்று நின்றது. எரு அள்ள வந்த தாத்தா அதை மண்வெட்டியால் கொத்தப் போனபோது எங்கள் அப்பாயி தடுத்து, "கல்யாணத்துக்கு வந்தது, இருந்துட்டுப் போகட்டும்" என்றாராம். அன்றிலிருந்து அதற்குக் கல்யாண மா என்று பெயர். அதை யாரும் நடவில்லை. தனியாகத் தண்ணீரும் ஊற்றவில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடிய வாய்க்காலில் அதுவாக வளர்ந்தது. முதல் காய் காய்க்க எட்டு வருடம் எடுத்துக்கொண்டது.

அதன் பழத்தை உயர்த்திச் சொல்ல எனக்கு மனமில்லை. கொட்டை பெரிது, நார் அதிகம், தோல் தடிப்பு. "ஊறுகாய்க்கு ஆகும், வாய்க்கு ஆகாது" என்பது அப்பாயியின் தீர்ப்பு. ஆனால் அதன் வடுவுக்கு எங்கள் தெருவில் வேறு இணை கிடையாது. மாசிக் கடைசியில் காம்போடு பறித்து, கழுவித் துணியில் உலர்த்தி, விளக்கெண்ணெயில் புரட்டி, கல் உப்பும் மஞ்சளும் கடுகுப் பொடியும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் போட்டுத் தினம் ஒரு தடவை குலுக்கி வைத்தால், அடுத்த மாசி வரை வடு சுருங்கும், ஆனால் குழையாது. கடித்தால் நறுக்கென்று இருக்கும். அந்தக் காம்பிலிருந்து சொட்டும் பால் பட்டு வெந்த தழும்பு என் இடது கன்னத்தில் இன்னும் இருக்கிறது. பத்து வயதில் கொம்பேறியதற்குக் கிடைத்தது. திருமணம் செய்துகொண்டு போன அத்தை ஆண்டுதோறும் ஒரு ஜாடியைத் தன் பங்காகக் கேட்டு வாங்கிக்கொள்வார். "என் கல்யாணத்து மரம், எனக்குத்தான் முதல் ஜாடி" என்பார். அதில் யாரும் வாதிட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊருக்கு ஒரு புறவழிச்சாலை வந்தது. வீடு தப்பியது, கொல்லை போனது. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர் நடுவே லாரிகள் ஓடி எத்தனை பேர் அடிபட்டார்கள் என்பதைப் பார்த்தவன் நான். இழப்பீட்டுத் தொகையும் தாமதமாக வந்தாலும் வந்து சேர்ந்தது. என் ஆதங்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு தை மாதத்தில் அளவெடுக்க இளைஞர் ஒருவர் வந்தார். மரத்தின் சுற்றளவை மார்பு உயரத்தில் நாடா பிடித்து அளந்து, பட்டையைக் கொஞ்சம் செதுக்கி, சிவப்பு மையால் எண் எழுதினார். எங்கள் மாவுக்கு 214. பட்டியலில் மா ஒன்று, வேம்பு ஒன்று, தென்னை மூன்று, தேக்கு இரண்டு என்று ஏறியது. முருங்கையும் கறிவேப்பிலையும் ஏறவில்லை. என் மனைவி கேட்டதற்கு, "அதெல்லாம் மரத்துல சேராதும்மா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அன்று இரவு சாப்பிடும்போது என் மனைவி, "தேக்கை வெச்சு நான் என்னைக்காவது சாம்பார் வெச்சிருக்கேனா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

எண் எழுதிய நாளிலிருந்து ரம்பம் வந்த நாள் வரை பதினான்கு மாதங்கள். அது பங்குனி, மரம் முழுக்க வடு. இயந்திர ரம்பத்துக்கு நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. விழுந்த கிளைகளில் தெருப்பெண்கள் முந்தானை நிறைய வடு பறித்துக்கொண்டு போனார்கள். பறிக்கச் சொன்னதே என் மனைவிதான். எங்களுக்கு இரண்டு ஜாடி தேறியது. அப்போது மரம் வாங்க வந்த வியாபாரியோடு ஒரு பையன் வந்திருந்தான். நாற்றங்கால் ஒன்றில் முன்பு வேலை பார்த்தவனாம். "முன்னாடியே சொல்லியிருந்தா ஒட்டு எடுத்திருக்கலாமே ஐயா" என்றான். அவன் சொன்னபடி ஆறு குச்சிகளை நறுக்கி, ஈரத்துணியில் சுற்றி, அடுத்த ஊரில் ஒட்டுக் கட்டுபவரிடம் கொண்டுபோனேன். காய்ப்பில் இருந்த கொம்பு, முற்றிய கட்டை, பங்குனி வெயில் மூன்றும் சேர்ந்தால் பிடிப்பது கடினம் என்று அவர் சொல்லிவிட்டுத்தான் கட்டிக்கொடுத்தார். ஆறும் கருகிவிட்டன.

ஒட்டு எதற்கு, அந்த மாமரத்தின் கொட்டையையே ஊன்றியிருக்கலாமே என்று பலர் என்னைக் கேட்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நம் பக்கத்து மா வகைகளில் பெரும்பாலானவற்றின் கொட்டைக்குள் ஒரே ஒரு கரு உண்டு. அது தாய்மரத்துச் சூலும், பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு மரத்தின் மகரந்தமும் சேர்ந்து பிறப்பது. ஆகவே கொட்டையிலிருந்து முளைப்பது தாயைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. மேற்குக் கடற்கரைப் பக்கத்து வகைகள் சிலவற்றில் மட்டும் ஒரே கொட்டையில் பல கருக்கள் உருவாகித் தாயை ஒத்த கன்றுகள் வருவதுண்டு. மற்றபடி நீலம், பங்கனப்பள்ளி என்று நாம் பெயர் சொல்லி வாங்கும் மரங்கள் எல்லாம், எங்கோ ஒரு காலத்தில் கொட்டையிலிருந்து முளைத்த ஒற்றை மரத்திலிருந்து ஒட்டு மேல் ஒட்டாகக் கைமாறி வந்தவையே. அப்படியானால் எருக்குழியில் தானாக முளைத்த எங்கள் மரத்துக்கு உலகத்தில் இன்னொரு படி இல்லை. பத்துக் கன்று அல்ல, பத்தாயிரம் கன்று நட்டாலும் அந்த வடு திரும்பி வராது. கொல்லை மரத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது என்று தொடக்கத்தில் நான் எழுதியதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு மாற்று மிக எளியது. ஆடி, ஆவணியில் மென்தண்டு ஒட்டுக் கட்டுகிறார்கள். மூன்று நான்கு மாதம் ஆன, பென்சில் தடிமன் உள்ள தளிர்க்குச்சியைத் தேர்ந்து, பத்து நாளுக்கு முன்பே அதன் இலைகளைக் காம்பு மட்டும் நிற்கும்படி கிள்ளிவிட்டால் நுனி மொட்டு பருத்து நிற்கும். அந்தக் குச்சியை நறுக்கி, அடியை ஆப்புபோலச் சீவி, கொட்டையிலிருந்து முளைத்த இளங்கன்றின் தலையை வெட்டிப் பிளந்த பிளவில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் துளிர்த்தால் பிடித்தது என்று பொருள். மூன்று நான்கு ஆண்டில் காய்க்கவும் செய்யும். எங்கள் மரத்துக்கு எண் எழுதிய பிறகு ஓர் ஆடியும் ஓர் ஆவணியும் வந்துபோயின. அவகாசம் இல்லாமல் போகவில்லை. அவகாசம் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்றால், தெரிந்திருக்க வேண்டும்தான். அந்தப் பதினான்கு மாதமும் தொகை எவ்வளவு வரும் என்றுதான் நானும் பேசிக்கொண்டிருந்தேன்.

எல்லா மரத்துக்கும் ஒட்டு வேண்டியதில்லை. முருங்கைக்கு ஒரு கொம்பு போதும். பட்டியலில் சேராத எங்கள் முருங்கையிலிருந்து என் மனைவி ரம்பம் வருவதற்கு முந்திய நாள் கை பருமனில் ஒரு போத்தை வெட்டி, மேல் வெட்டில் சாணி அப்பி, மிச்சம் இருந்த சந்தில் ஊன்றினாள். அது இப்போது காய்த்துக்கொண்டிருக்கிறது. கம்பளிப்பூச்சியும் தவறாமல் வருகிறது. மாதுளை, கொய்யாவுக்குப் பதியன் போடலாம். தென்னைக்குத்தான் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குக் கிளை இல்லை, ஒரே குருத்து. நெற்று ஊன்றி வைப்பது தவிர வேறு வழியில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் எங்களுக்குத் தெற்கே பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். அங்கே உறவினர் வீட்டுக்கு நான் துக்கம் விசாரிக்கப் போனேன்; ஆம், துக்கம் விசாரிக்கத்தான். தென்னங்கன்றைப் பிள்ளை என்று சொல்லும் ஊர்களில் வேறு எப்படிப் போவது? ஆனால் புயலோடு யாரும் வழக்காட முடியாது. ஓர் அலுவலகம் ஓராண்டுக்கு முன்பே எண் எழுதிவிட்டுப் போகும் மரத்தின் நிலை அதுவல்ல.

நில எடுப்புக்கான 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் 29-ஆவது பிரிவு, மரம் செடிகளின் மதிப்பை முடிவு செய்ய வேளாண்மை, வனம், தோட்டக்கலை, பட்டு வளர்ப்பு ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்களின் உதவியை மாவட்ட ஆட்சியர் பெறலாம் என்கிறது. ஆக, மரம் தெரிந்த ஒருவர் வீட்டு வாசலுக்கு வருவதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. அவர் விலை மட்டும் குறித்துக்கொண்டு போகாமல், வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும்: இந்த மரம் கொட்டையிலிருந்து முளைத்ததா, ஒட்டு வாங்கி வைத்ததா; இதைப் பாதுகாக்க விருப்பமா; ஆடி வரை மரம் நிற்க முடியுமா. விருப்பம் என்று சொன்னால் அருகில் உள்ள அரசுத் தோட்டக்கலைப் பண்ணைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம். பண்ணையில் ஒட்டுக் கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், வேர்ச்செடிகள் இருக்கின்றன. வீட்டுக்காரர் குச்சியைக் கொண்டுபோய்க் கொடுத்து, கட்டணம் கட்டி, இரண்டு கன்றுகளை வாங்கிக்கொள்ளட்டும். ஒரு கன்று பண்ணையிலேயே நிற்கட்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவதை இலக்காக வைத்திருக்கிறது. அதற்காக வளர்க்கப்படும் கன்றுகளுக்கு நடுவே, வெட்டப்பட்ட கொல்லை மரங்களின் ஒட்டுகளுக்கு ஒரு பாத்தி ஒதுக்குவது பெரிய காரியம் ஆகாது.

அரசை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது முறையல்ல. எங்கள் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் நிலத்தின் நான்கெல்லையைச் சொன்னவுடன் "மாவடை மரவடை உள்பட" என்று எழுதியிருக்கிறது. நிலம் கைமாறும்போது மரமும் பெயர் சொல்லிக் கைமாறியது. அதே சொற்றொடர் இன்றைய பத்திரங்களிலும் வழக்கம்போல வருகிறது, ஆனால் அதை எழுதுபவரும் படித்துப் பார்ப்பதில்லை, கையெழுத்துப் போடுபவரும் படித்துப் பார்ப்பதில்லை. புது வீட்டு வரைபடத்தில் கார் நிறுத்துமிடம், கழிவுநீர்த் தொட்டி, ஆழ்துளைக் கிணறு எல்லாம் கோடு போட்டுக் காட்டப்படுகின்றன. இருக்கும் மரம் எங்கே என்று நான் பார்த்த எந்த வரைபடத்திலும் இல்லை. சருகு விழுகிறது, வேர் சுவரைப் பிளக்கும், அணில் தொல்லை என்று காரணம் சொல்லி, சாலை வராமலே, எண் எழுதாமலே எங்கள் தெருவில் ஏழு மரங்களை வீட்டுக்காரர்களே வெட்டினார்கள். பிறகு முற்றம் முழுவதும் சிமெண்டுக் கல் பதித்துவிட்டு, சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டும் என்று கடையில் பொட்டலம் வாங்குகிறார்கள். கட்டுமானத் திட்டம் போடும் பொறியாளரிடம், "இந்த மரத்தை விட்டுவிட்டுச் சுவரை எடுக்க முடியுமா?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். முடியாது என்றால் ஆடி மாதம் வரை பொறுக்கலாம்.

எங்கள் அத்தைக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. மரம் போன செய்தியை நாங்கள் உடனே சொல்லவில்லை. அந்த ஆண்டு இரண்டு ஜாடியில் ஒன்றை வழக்கம்போல அனுப்பினோம். அடுத்த மாசியில் எதையும் அனுப்ப முடியவில்லை. அவர் தொலைபேசியில் கேட்டது, "இந்த வருஷம் காய்ப்பு இல்லையா?" என்பதுதான். இல்லை என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை.

புறவழிச்சாலையின் அடுத்த கட்டப் பணி எங்களுக்குக் கிழக்கே உள்ள ஊரில் தொடங்க இருக்கிறது. சென்ற வாரம் அந்த வழியாகச் சைக்கிளில் போனபோது இரண்டு வீட்டுக் கொல்லைகளில் சிவப்பு எண் எழுதிய மாமரங்களைப் பார்த்தேன். ஒன்றின் வீட்டுக்காரர், அது தன் தகப்பனார் நட்டது என்றும் கசப்பே இல்லாத தோல் என்றும் சொன்னார். மற்றதில் வீடு பூட்டியிருந்தது. இரண்டு மரமும் இப்போது செந்தளிர் விட்டிருக்கின்றன. அந்தத் தளிர் முற்றிக் குச்சியாகி ஒட்டுக்கு ஆகிவர ஆடி வரும். பொறுப்பில் உள்ள அலுவலர் யாரேனும் இதைப் படித்தால், ரம்பத்தை ஆவணிக்குப் பிறகு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒட்டுக் கட்டுபவரின் கூலியை நான் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
மயிலாடுதுறை மாவட்டம்.